மெலோடைன் 5: எங்கட பாட்டுக்காரங்களுக்கு சரிவருமா, எந்தப் பதிப்ப வாங்கோணும்?

முதல்லயே தீர்ப்பச் சொல்லிடுறன், முழுக்க வாசிக்க நேரம் இல்லாத ஆக்கள் இதோட போகலாம். மெலோடைன் எண்டது ரெக்கோர்ட் பண்ணின குரலின்ட சுருதியத் திருத்துற சொஃப்ட்வெயார்; எசென்ஷியல், அசிஸ்டன்ட், எடிட்டர், ஸ்டூடியோ எண்டு சின்னதில இருந்து பெரிசு வரைக்கும் பதிப்பு இருக்கு. வாங்கலாம், நல்ல சாமான். ஆனா தேவாரம், கோயில் பாட்டு, கர்நாடக சங்கீதம் பழகின குரல் எண்டு எங்கட பக்கத்து வேலைக்கு எண்டா அசிஸ்டன்ட் பதிப்புக்குக் கீழ வாங்கவேணாம். வாங்கினாப் பிறகும் அதில ஒரே அமத்தில தானாத் திருத்துற மெக்ரோ எண்ட பட்டன் ஒண்டு இருக்கு, அத எங்கட குரல்கள்ல அமத்தவேணாம். ஏன் எண்டு கீழ சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏனெண்டா இதப்பற்றி தமிழ்ல தேடினா ஓட்டோ டியூன் போட்டா யாரும் பாடகர் ஆகலாம் எண்ட மாதிரிக் கதைதான் கனக்க வருது, கமகத்துக்கு, அதாவது சுரத்த ஆட்டிக் குழைச்சுப் பாடுறதுக்கு, என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் வடிவா எழுதிறதாத் தெரியேல்ல.

நான் திருகோணமலை உப்புவெளியில வீட்டோட சேர்ந்த ஒரு அறையில ரெக்கோர்டிங் செய்யிறன். ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஓடியோ இன்டர்பேஸ், ரீப்பர் எண்ட ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயார், அவ்வளவுதான். வாற வேலையில முக்கால்வாசி கோயில் பாட்டு. சல்லி அம்மனுக்கு ஒரு பாட்டு, பத்திரகாளி அம்மனுக்கு ஊஞ்சல், சிவராத்திரிக்கு கோணேசர் நகர் உலா வர முன்னம் யூடியூப்பில ஏத்தோணும் எண்டு ஒரு பதிகம், தம்பலகாமத்தில இருந்து கும்மிப் பாட்டோட ஒரு குழு, இப்பிடித்தான் வரும். பாடுற ஆக்கள் சங்கீத டீச்சர்மார், கோயில்ல பண்ணிசை பாடுற ஐயாமார், ஓ எல் படிக்கிற பிள்ளையள். எல்லாரும் நல்லாப் பாடுற ஆக்கள்தான், ஆனா கோயில்ல நாலு பேரோட சேர்ந்து வாய்விட்டுப் பாடுறது வேற, ஹெட்போன் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால தனிய நிண்டு பாடுறது வேற. சுருதி ஒரு நூல் இறங்கும், மூச்சு முடியிற இடத்தில நீட்டின சுரம் தொய்யும், மேல் ஸ்தாயிக்குப் போகேக்க எட்டிப் பிடிக்கிற அந்த முதல் கணம் கொஞ்சம் கீழ நிண்டிட்டுத்தான் ஏறும். அந்தச் சின்னத் தொய்வுக்காக முழுப்பாட்டையும் திருப்பிப் பாடச் சொல்ல ஏலாது, ஸ்கூல் விட்டு வந்து பாடிட்டு மூதூர் பஸ்ஸப் பிடிக்கோணும் எண்டு நிக்கிற ஆக்கள் அவங்க. அந்த இடத்துக்குத்தான் இந்த சொஃப்ட்வெயார் எனக்கு வேணும்.

இது என்ன செய்யுது எண்டா, ரெக்கோர்ட் பண்ணின குரல வாசிச்சு ஒவ்வொரு சுரத்தையும் திரையில ஒரு குமிழ் மாதிரி வரைஞ்சு காட்டும். மேல போனா சுருதி கூட, கீழ வந்தா குறைய, இடமிருந்து வலம் நேரம். குமிழின்ட தடிப்பு சத்தத்தின்ட அளவு. அந்தக் குமிழுக்கு நடுவால ஒரு மெல்லிய கோடு ஓடும், அதுதான் முக்கியம், குரல் உண்மையா எப்பிடி அசைஞ்சுது எண்டு காட்டுற கோடு அது. குமிழப் பிடிச்சு மேல கீழ இழுத்தா சுரம் மாறும், ஆனா குரலின்ட தன்மை பெரிசா மாறாது, கீச்சுக் குரலாகவும் போகாது, ஏனெண்டா தொண்டையின்ட வாயின்ட வடிவத்தால வாற அந்த நாதத்தை அது தனியா வச்சுக் காப்பாத்துது. அரைச் சுரம் வரைக்கும் இழுத்தா ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, ரெண்டு சுரத்துக்கு மேல இழுத்தா எனக்குக் கேக்கும்.

ஓட்டோ டியூனையும் இதையும் ஒண்டாக் கதைக்கிறாங்க, ரெண்டும் வேற வேற. ஓட்டோ டியூன் 1997ல அன்டாரெஸ் கொம்பனி விட்டது, செய்தவர் அன்டி ஹில்டபிரான்ட், அதுக்கு முன்னம் எண்ணெய் தேடுறதுக்காக நிலத்துக்குள்ள சத்தத்த அனுப்பித் திரும்பி வாற அலையக் கணக்குப் பார்க்கிற வேலையில இருந்த மனிசன். அந்தக் கணக்கைத்தான் குரலுக்குக் கொண்டுவந்தார். அதின்ட முதன்மையான பாவனை, குரல் ஓடிக்கொண்டிருக்கேக்கயே கிட்ட இருக்கிற சுரத்துக்கு இழுத்து விடுறது. எவ்வளவு வேகமா இழுக்கோணும் எண்டு ஒரு திருகு இருக்கும், அதப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனா அந்த ரோபோக் குரல் வரும். கையால கோடு கீறித் திருத்துற முறையும் அதில இருக்கு, ஆனா கனபேர் வாங்கிறது அந்தத் தானா இழுக்கிறதுக்குத்தான். மெலோடைன் ஜெர்மனியில மியூனிக்கில இருக்கிற செலிமோனி எண்ட கொம்பனியின்டது, பீட்டர் நொய்பெக்கர் எண்டவர் தொடக்கினது, 2001ல முதல் காட்டினாங்க. பிறகு ஒரே ட்ராக்கில சேர்ந்து கேக்கிற கோர்டுக்குள்ள இருந்து ஒவ்வொரு சுரமாப் பிரிச்செடுக்கிற வித்தையக் கொண்டுவந்தாங்க, 2012ல கிராமி அமைப்பின்ட தொழில்நுட்ப விருதும் கிடைச்சுது. இது தொடக்கத்தில இருந்தே பாடி முடிஞ்ச பிறகு இருந்து பார்த்து, ஒவ்வொரு இடமாக் கைவைக்கிறதுக்கு எண்டு செய்த சாமான். எங்கட பாட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வாறன்.

எங்கட பாட்டில சுரம் ஒரு இடத்தில நிக்கிறதில்ல. தோடியில காந்தாரத்த எடுங்க, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் காந்தாரம். நிப்பாட்டிப் பாடினா அது தோடியாக் கேக்காது. இப்ப இந்தக் குரல மெலோடைனுக்குள்ள போட்டா அதுக்கு இது ஒரு சுரமா, மூண்டு சுரமா எண்டு தீர்மானிக்க வேண்டி வரும். சிலநேரம் முழு ஆட்டத்தையும் ஒரு குமிழுக்குள்ள போட்டு நடுச் சராசரிய மையம் எண்டு எடுக்கும், சிலநேரம் ஆட்டத்த துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்டையும் ஒரு தனிச் சுரமாக் காட்டும். ரெண்டுமே அதின்ட கணக்கில சரிதான், பியானோக் கட்டைய மனசில வச்சுச் செய்த கணக்கு அது. ஆனா இந்த நிலையில தானாத் திருத்துற மெக்ரோவ அமத்தினா ஒவ்வொரு துண்டும் தன்ட பாட்டில கிட்ட இருக்கிற கட்டையில போய் ஒட்டும், மெல்லமா ஆடுற ஆட்டத்த அது சுருதி அலையுது எண்டு நினைச்சு நேராக்கும், கேட்டா சுருதி எல்லாம் சுத்தமா இருக்கும் ஆனா ராகம் இருக்காது. எங்கட ஊர்ல லவுட்ஸ்பீக்கர்ல போகிற சில புதுப் பாட்டுகளக் கேக்கேக்க பிருகா, அதாவது சுரங்கள் வேகமா உருண்டு வாற இடமெல்லாம் படிக்கட்டில இறங்கிற மாதிரி டக் டக் எண்டு கேக்கிறது இதால தான். நல்ல குரல், நல்ல பாட்டு, நல்ல தாளம் எல்லாத்தையும் ஒரு பட்டன் வந்து கெடுத்துப் போடுது. எனக்கு அதக் கேக்க மனசு நோகுது, ஏனெண்டா அந்தக் குழைவு வர அந்தப் பிள்ளை எத்தனை வருஷம் ஒரு டீச்சருக்கு முன்னால இருந்து சாதகம் பண்ணியிருக்கும்.

அப்ப எப்பிடிப் பாவிக்கிறது? இங்கதான் அசிஸ்டன்ட் பதிப்புக்கு நான் காசு குடுத்ததுக்குக் காரணம் இருக்கு. அதில சுரத்தத் திருத்துறதுக்கு மூண்டு தனித்தனிக் கருவி இருக்கு. ஒண்டு முழுக் குமிழையும் மேல கீழ நகர்த்துறது. ரெண்டாவது வேகமான அசைவக் கூட்டிக் குறைக்கிறது, வைப்ரேட்டோ மாதிரி. மூண்டாவது மெதுவா விலகிப் போற போக்கை மட்டும் நேராக்கிறது, இதத்தான் ட்ரிஃப்ட் எண்டுறாங்க. இந்த மூண்டாவதுதான் எனக்கு முழுக் காசுக்கும் பெறுமதி.

ஒரு உதாரணம் சொல்லுறன். போன திருவிழாவுக்கு ஒரு சங்கீத டீச்சர் அம்மன் பாட்டொண்டு பாடினா. பல்லவி கடைசியில "தாயே" எண்டு பஞ்சமத்தில நீட்டி நிக்கிற இடம். அவ "தா"வில மேல இருந்து ஒரு வழுக்கலோட இறங்கி வந்து, பஞ்சமத்தில நிண்டு, "யே"யில மூச்சு குறையக் குறைய சுருதி மெல்ல இறங்கிப் போகுது, முடியிற இடத்தில 30 செண்ட் அளவு கீழ. அரைச் சுரத்துக்கு 100 செண்ட் எண்டு கணக்கு, அப்ப 30 எண்டா தம்புராவோட சேர்த்துக் கேட்டா எல்லாருக்கும் கேக்கும். இந்த இடத்தில தானாத் திருத்த விட்டிருந்தா அந்த வழுக்கலையும் சேர்த்து நிமித்தியிருக்கும். நான் செய்தது என்னெண்டா, வெட்டுற கருவியால வழுக்கல் முடிஞ்சு நேராகிற இடத்தில குமிழ ரெண்டா வெட்டினன், முன் துண்டத் தொடவே இல்ல. பின் துண்டில மட்டும் ட்ரிஃப்ட்ட எடுத்து முக்கால்வாசி நேராக்கினன், முழுக்க இல்ல, முழுக்க நேராக்கினா ஹார்மோனியக் கட்டைய அமத்தின மாதிரி உயிரில்லாமப் போயிடும். வேகமான அசைவுக்குக் கை வைக்கேல்ல, அது அவவின்ட குரல். வெட்டின இடத்தில ரெண்டு கோடும் பொருந்துற மாதிரி இணைப்பக் கொஞ்சம் மெதுவாக்கினன். முடிஞ்சுது. டீச்சருக்குப் போட்டுக் காட்டினன், "தம்பி, எதில கை வச்சனீங்க?" எண்டு கேட்டா. இடத்தச் சொன்ன பிறகு திருப்பிக் கேட்டிட்டு, "அந்த இறக்கம் நான் வேணுமெண்டு குடுத்தது, அதத் தொடாம விட்டது நல்லது" எண்டா. வேற ஒரு சரணத்தில நான் தொய்வு எண்டு நினைச்ச ஒண்ட அவ குழைவு எண்டு சொன்னா, அத இருந்தபடியே விட்டம். பாடின ஆள பக்கத்தில வச்சுக்கொண்டு திருத்துறது எண்டா இப்பிடித்தான், எல்லாருக்கும் நான் சொல்லுறதும் இதுதான். எது பிழை எது வேணுமெண்டு குடுத்த உணர்ச்சி எண்டு சொல்ல சொஃப்ட்வெயாருக்கும் ஏலாது, தனிய எடிட்டருக்கும் ஏலாது.

இன்னொரு விஷயம், இத ஒருத்தரும் சொல்லித்தாறதில்ல. திரையில இருக்கிற கட்டங்கள் பியானோவின்ட சமப் பிரிப்பு, ஒவ்வொரு அரைச் சுரமும் சரியா 100 செண்ட். ஆனா தம்புராவ மட்டும் வச்சுக்கொண்டு பாடுற ஆள் அந்தர காந்தாரத்த சட்ஜத்துக்கு 5க்கு 4 எண்ட இயற்கை விகிதத்திலதான் நிப்பாட்டுவார், அது 386 செண்ட். பியானோவில அதே சுரம் 400. அப்ப வடிவாச் சுருதி சேர்த்துப் பாடின ஆளின்ட காந்தாரம் திரையில 14 செண்ட் கீழ கிடக்கிற மாதிரித் தெரியும். அத ரெண்டுதரம் கிளிக் பண்ணி நடுக்கோட்டுக்குக் கொண்டுபோனா, கண்ணுக்கு அழகா இருக்கும், தம்புராவோட கேட்டா உரசும். பஞ்சமத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அது 702, கட்டத்துக்கு ரெண்டு செண்ட் தான் வித்தியாசம். அதேநேரம் பின்னணி கீபோர்டில வாசிச்சது எண்டா பாடுற ஆளும் அதுக்குப் பக்கத்திலதான் நிக்கோணும், அப்ப கட்டம் சரி. ஆக என்ன பின்னணி எண்டு பார்த்துத்தான் திருத்தோணும். எனக்கு இப்ப பழக்கம், முதல் ஒருக்கா திரையப் பார்க்காம கண்ணை மூடிக்கொண்டு முழுப்பாட்டையும் கேட்டு, காது நோகிற இடத்த மட்டும் தாள்ல நேரத்தோட எழுதிவைப்பன், பிறகு அந்த இடங்கள மட்டும் திறப்பன். திரையப் பார்த்துக்கொண்டு கேட்டா எல்லாமே பிழையாத்தான் தெரியும்.

சுருதிக் கட்டை விஷயமும் அப்பிடித்தான். பாடுற ஆள் தன்ட சுருதியக் கட்டைக் கணக்கிலதான் சொல்லுவார், ஒரு கட்டை சி, ரெண்டு டி, அஞ்சு ஜி, அஞ்சரை ஜி ஷார்ப் எண்டு மாத்திக்கொள்ளலாம், பொம்பிளைப் பிள்ளையள் கூடுதலா அஞ்சு, அஞ்சரையில பாடுவாங்க. ஆனா பழைய ஹார்மோனியம் ஒண்ட வச்சுப் பாடினா அது பொதுவா எல்லாரும் சுருதி வைக்கிற 440 ஹேர்ட்ஸ் கணக்குக்கு நிக்காது, கூடக் குறைய இருக்கும். கோயில்ல கிடக்கிற ஹார்மோனியம் கடல் காத்தும் உப்பும் பட்டு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். மெலோடைன்ல அடிப்படைச் சுருதிய மாத்தி வைக்கிற வசதி இருக்கு, குரல்ல கைவைக்க முன்னம் அந்த ஹார்மோனியத்துக்கு ஏத்த மாதிரி அத மாத்திக்கொள்ளுங்க, இல்லாட்டி முழுப்பாட்டும் கட்டத்துக்கு வெளியில கிடக்கும்.

தேவாரத்துக்கு வாறன், ஏனெண்டா எங்கட ஊருக்கு அது தனி இடம். சம்பந்தர் கோணமலைக்குப் பாடின பதிகத்தின்ட பண் புறநீர்மை, இப்ப அத பூபாளத்தில பாடுறாங்க. பூபாளத்தில அஞ்சு சுரம்தான், மத்திமமும் நிஷாதமும் இல்ல. தானா இழுக்கிற சாமானுக்கு எந்தெந்தச் சுரத்துக்கு இழுக்கலாம் எண்டு சொல்லாம விட்டா, பாடுற ஆள் காந்தாரத்தில இருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போற வழியில மத்திமத்தில ஒரு கணம் ஒட்டிட்டுப் போகும். பண்ணில இல்லாத சுரம் வந்து நிக்கும். பண்ணிசை தெரிஞ்ச ஐயா ஒருத்தர் உடன பிடிச்சிடுவார். அதனால ஓட்டோ டியூன் வகைச் சாமான் எதப் பாவிச்சாலும் அந்த ராகத்துக்குரிய சுரங்கள மட்டும் விட்டு மிச்சத்த மூடிப்போட்டுப் பாவியுங்க. மெலோடைன்ல கையால செய்யிற எனக்கு அந்தத் தலையிடி குறைவு, வழுக்கல்ல கை வைக்கிறதே இல்லத்தானே.

5ஆம் பதிப்பு 2020ல வந்தது. அதில எனக்குப் பிடிச்ச மாற்றம், ச, ஸ, ஷ மாதிரிக் காத்தோட வாற சத்தத்த சுரத்தில இருந்து பிரிச்சு அறியுது. முந்தின பதிப்புகள்ல ஒரு குமிழ மேல இழுத்தா அதோட ஒட்டியிருக்கிற "ஸ்" சத்தமும் சேர்ந்து மேல போய் நாக்குத் தடக்கினமாதிரிக் கேக்கும். இப்ப சுரம் மட்டும் நகரும், காத்து இருந்த இடத்திலயே இருக்கும். "சிவ சிவ", "சரஸ்வதி", "ஸ்கந்தா" எண்டு வாற எங்கட பாட்டுகள்ல இது சின்ன விஷயம் இல்ல. அந்த "ஸ்" சத்தத்த மட்டும் தனியக் குறைக்கவும் ஏலும். சத்த அளவ ஒரேயளவாக்கிற மெக்ரோவும் வந்திச்சு, நல்லா வேலை செய்யுது, மெல்லமாப் பாவிச்சாச் சரி.

தாளம் திருத்துற கருவியும் இருக்கு. நான் கனக்கப் பாவிக்கிறதில்ல. எடுப்புத் தள்ளிப் பாடினது வேணுமெண்டு செய்ததா இருக்கும்.

ரெக்கோர்டிங் நல்லா இருந்தாத்தான் இதெல்லாம். குரலோட எதிரொலி சேர்ந்து பதிஞ்சிருந்தா மெலோடைனுக்கு எது சுரம் எது முந்தின சுரத்தின்ட வால் எண்டு பிரிக்கக் கஷ்டம், அதனால ரிவேர்ப் போட்டு ரெக்கோர்ட் பண்ணாதீங்க, திருத்தி முடிச்ச பிறகு போடுங்க. ஃபேன் சத்தம் கவனம். குமிழ மேல இழுக்கேக்க அந்த ஃபேன் இரைச்சலும் அதுக்குள்ள இருக்கிறதால அதுவும் சேர்ந்து மேல போகும், பின்னணி இல்லாம குரல் மட்டும் வாற விருத்தத்தில அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரைச்சல் மாறுறது அப்பிடியே கேக்கும். இந்த ஊர் வெக்கையில ஃபேன நிப்பாட்டிப் பாடுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும், பாடுற ஆளுக்கு இடைக்கிடை ஃபேன் போட்டு ஓய்வு குடுத்துத்தான் நான் எடுக்கிறன். பின்னணிப் பாட்டு ஹெட்போனுக்கு வெளியில வடிஞ்சு மைக்கில ஏறினாலும் இதே பிரச்சினை. பஜனைக் குழு நாலு பேர் ஒரே மைக்கச் சுத்தி நிண்டு பாடினத இதில போட்டுத் தனித்தனியாத் திருத்தலாம் எண்டு நினைக்கவேணாம், ஒரே நேரத்தில பல சுரம் பிரிக்கிற வித்தை எடிட்டர் பதிப்பில இருந்துதான் தொடங்குது, அதிலயும் நாலு பேர் ஒரே சுரத்தப் பாடினா யாரின்ட குரல் எது எண்டு பிரிச்சுத் தராது.

ஃபைலப் போட்டதும் அது என்ன வகை எண்டு தானா முடிவெடுக்கும். தனிக் குரல் எண்டா மெலொடிக் எண்டுதான் இருக்கோணும், ஒருக்காப் பாருங்க, வேற ஏதும் எண்டு கிடந்தா மாத்துங்க. பிறகு திருத்தத் தொடங்க முன்னம் சுரங்களச் சரியாப் பிடிச்சிருக்கா எண்டு பார்க்கிற ஒரு பகுதி இருக்கு, அதில கொஞ்ச நேரம் செலவழியுங்க. தடிச்ச ஆம்பிளைக் குரல்ல சிலநேரம் ஒரு ஸ்தாயி மாறிப் பிடிச்சிருக்கும், அத அங்கதான் திருத்தோணும். கனபேர் இந்தப் படியத் தாண்டிப் போறதாலதான் பிறகு குரல் கரகரக்குது, உடையுது எண்டு குறை சொல்லுறாங்க.

விலை. நான் பார்க்கேக்க எசென்ஷியல் 99 டொலர், அசிஸ்டன்ட் 249 டொலர். டொலர் 300 ரூபா எண்டு வச்சா அசிஸ்டன்ட் ஏறக்குறைய 75 ஆயிரம். எங்கட இடத்தில ஒரு பாட்டுக்கு வாற காசோட பார்த்தா இது சின்னக் காசு இல்ல, நான் அத மறைக்கேல்ல. ஆனா ஒருதரம் கட்டினாச் சரி, மாசாமாசம் கட்டுற வேலை இல்ல. வருஷக் கடைசியில கழிவு விலைக்கு வாறது வழக்கம், அவசரம் இல்லாட்டி அதுவரைக்கும் பொறுங்க. சில ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயார்களோட எசென்ஷியல் சேர்ந்தே வரும், உங்களிட்ட அப்பிடி இருந்தா அதில இருந்து அசிஸ்டன்டுக்கு ஏறலாம், அது மலிவு. காசு கட்ட டொலர்ல வேலை செய்யிற கார்ட் வேணும், எங்கட ஆக்களுக்கு அதுவே ஒரு அலைச்சல், முதல்ல பேங்கில கேட்டு வெளிநாட்டுக் கொடுப்பனவத் திறந்து வையுங்க. வெளிநாட்டில சொந்தக்காரர் இருந்தா அவங்களக் கொண்டு வாங்குவிக்கிறதும் வழிதான், ஆனா கணக்க உங்கட ஈமெயில்லயே திறவுங்க, பிறகு கொம்பியூட்டர் மாத்தேக்க அவங்களத் தேடித் திரியத் தேவையில்ல.

எசென்ஷியல் ஏன் வேணாம் எண்டுறன் எண்டா, அதில முழுக் குமிழையும் நகர்த்தலாம், வெட்டலாம், தானாத் திருத்துற மெக்ரோவும் இருக்கு, ஆனா அந்த வேகமான அசைவையும் மெதுவான விலகலையும் குமிழ் குமிழாத் தனித்தனியாத் தொடுற கருவி இல்ல. ராப், பொப், நேர்க் குரல்ல பாடுற பாட்டு எண்டா அது போதும். கமகம் இருக்கிற பாட்டுக்கு அந்தக் கருவி இல்லாம என்ன செய்யிறது? அதேமாதிரி குரல் மட்டும் திருத்திற ஆளுக்கு எடிட்டரும் ஸ்டூடியோவும் தேவையில்ல, கிட்டார், பியானோவ உடைச்சுத் திருத்துற ஆக்களுக்கு அது.

காசே இல்லாத பிள்ளையளுக்கு: ரீப்பரோட ரீடியூன் எண்டு ஒண்டு சேர்ந்தே வருது, தானாவும் இழுக்கும், கையால கோடு கீறியும் திருத்தலாம், எந்தச் சுரங்களுக்கு மட்டும் இழுக்கலாம் எண்டு தெரிவு செய்யவும் ஏலும். பாவிக்க மெலோடைன் அளவு இலகு இல்ல, சத்தமும் அந்தளவு சுத்தமில்ல, ஆனா ஒரு சுரம் ரெண்டு சுரத்துக்குப் போதும். மெல்டா கொம்பனியின்ட எம்ஓட்டோபிட்ச் இலவசம், இழுக்கிற வேகத்த நல்லாக் குறைச்சு வச்சா உறுத்தாது. கியூபேஸின்ட பெரிய பதிப்பு வச்சிருக்கிற ஆக்கள் அதுக்குள்ளயே இருக்கிற வேரிஓடியோவ முதல்ல பழகுங்க, மக்கில லொஜிக் வச்சிருந்தா ஃப்ளெக்ஸ் பிட்ச் இருக்கு, ரெண்டும் குமிழ் காட்டுற சாமான்தான், அது கையில இருக்கேக்க வேற வாங்க அவசரப்படவேணாம். கிராக் போட்டதத் தேடாதீங்க, வைரஸ் வந்து அடுத்த ஆளின்ட பாட்டெல்லாம் போச்செண்டா அந்த நம்பிக்கைய எந்தக் காசுக்கும் திருப்பி வாங்க ஏலாது.

ரீப்பர்ல இத ஏஆர்ஏ எண்ட முறையில திறந்தா பாட்டு ஓடவிட்டுப் பதியத் தேவையில்ல, ட்ராக்கில இருக்கிறபடியே குமிழாத் தெரியும். அது இல்லாத சொஃப்ட்வெயார் எண்டா முழுப்பாட்டையும் ஒருக்கா ஓடவிட்டு உள்ளுக்கு எடுக்கோணும், அதுக்குப் பிறகு ட்ராக்க வெட்டி நகர்த்தினா குழம்பும், எல்லா வெட்டும் ஒட்டும் முடிச்சிட்டு மெலோடைனத் திறவுங்க. கரண்ட் போற ஊர், இடைக்கிடை சேவ் பண்ணிக்கொள்ளுங்க, திருத்தாத மூலக் குரல வேற ஒரு ட்ராக்கில மியூட் பண்ணி வச்சிருங்க. பாடின ஆள் ஒருநாள் வந்து எனக்கு நான் பாடினபடியே வேணும் எண்டு கேட்டா குடுக்கோணும், அது அவங்கட குரல்.

பிள்ளையளின்ட குரல் பற்றி ஒண்டு. தமிழ்த்தினப் போட்டிக்கு, கோயில் போட்டிக்கு எண்டு பெற்றோர் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்து "தம்பி, எல்லாத்தையும் சரியாக்கித் தாங்க" எண்டு கேப்பாங்க. போட்டிக்கு எண்டா நான் சுருதியில கை வைக்கிறதில்ல, மற்றப் பிள்ளைக்கு அது நியாயமில்ல. யூடியூப்புக்கு எண்டா மூண்டு நாலு இடத்த மட்டும் தொடுவன், மிச்சத்துக்கு, இன்னொரு நாள் தொண்டை நல்லா இருக்கேக்க காலமையில வாங்க, திருப்பி எடுப்பம் எண்டுவன். நல்ல இன்னொரு டேக் எந்தத் திருத்தத்தையும் விட நல்லாக் கேக்கும், இந்த சொஃப்ட்வெயார நான் எவ்வளவு விரும்பினாலும் அதச் சொல்லாம விட ஏலாது.

வாங்க முன்னம் செலிமோனியின்ட தளத்தில 30 நாள் இலவசமாப் பாவிச்சுப் பார்க்கலாம், அதில எல்லாக் கருவியும் திறந்திருக்கும். பார்க்கேக்க அவங்கட டெமோ ஆங்கிலப் பாட்டில பார்க்கவேணாம், அதில எல்லாமே வடிவாத்தான் வரும். உங்களிட்ட இருக்கிறதில கமகம் கூடின ஒரு ரெக்கோர்டிங்க, ஒரு விருத்தம் எண்டா இன்னும் நல்லது, அதப் போட்டு, ட்ரிஃப்ட் கருவியால நீட்டின சுரம் ஒண்ட மட்டும் நேராக்கிப் பாருங்க, பிறகு அதே வரிய மெக்ரோவால திருத்தி ரெண்டையும் பாடின ஆளுக்கே போட்டுக் காட்டுங்க, அவங்க எதத் தெரிவு செய்யிறாங்க எண்டு பார்த்திட்டு காசக் கட்டுங்க.